கப்பித்தானின் பள்ளிவாசல்

பீடோங், கெடா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே நாம் ஓடி விளையாடிய லயம், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள், இப்போது இல்லை. ரப்பர் பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோதே பாதிப் பேர் சுங்கை பட்டாணிக்குப் போய்விட்டார்கள்.

சரி, அந்தப் பள்ளிவாசலின் பெயரை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பேரனோடு பினாங்கு போயிருந்தேன். ஃபெரியை விட்டு இறங்கி, கால் பழகிய வழியில் நடந்தால் உன் அத்தா நம்மைக் கூட்டிப்போன அதே பள்ளிவாசல். பையன் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தான்: மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். "தாத்தா, கெலிங் என்பது என்னைத் திட்டுகிற சொல்லாச்சே! இங்கே ஏன் எழுதி வைத்திருக்கிறார்கள்?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இதே சொல்லுக்காக நாம் ஒருவன் சட்டையைக் கிழித்துவிட்டு வெயிலில் முட்டி போட்டது ஞாபகம் வந்தது.

மதிலோரம் நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்து மெதுவாகச் சொன்னேன். 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் கொடி ஏற்றிய பிறகு, நம் கரையிலிருந்து மரைக்காயர்கள் கப்பலேறி வந்து வியாபாரம் செய்தார்கள். அவர்களில் ஒருவர் பரங்கிப்பேட்டை காதர் மொகிதீன். வெள்ளைக்காரர்கள் அவரைத்தான் இங்கிருந்த தென்னிந்தியர்களுக்குத் தலைவராக, கப்பித்தானாக வைத்தார்கள். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த 18 ஏக்கரில் எழுந்ததுதான் இந்தப் பள்ளி. கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லும் அந்தச் சொல்லுக்கு அன்றைக்கு இந்தியக் கரையிலிருந்து வந்தவன் என்றுதான் பொருள். வசவாக மாறியதெல்லாம் பிற்பாடு.

நாம் அண்ணாந்து பார்த்த குவிமாடம் கப்பித்தான் கண்டதே இல்லை. அவர் 1834இல் இறந்து போய்விட்டார். மொகலாயப் பாணியில் இந்த உருவம் வந்தது 1910இல், நியூப்ரோனர் என்ற கட்டடக்கலைஞர் கையால். பரங்கிப்பேட்டைக்காரர் பள்ளிக்கு டில்லித் தலைப்பாகை! 1930களில் மறுபடி பெரிதாக்கிக் கூரையை உயர்த்தினார்கள். உன் அத்தா அன்றைக்கு 'முந்நூறு வருஷக் கட்டடம்டா' என்று அடித்துவிட்டாரே, பாவம். ரஜுலா கப்பலில் வந்து இறங்கிய அன்றே தொழுத இடம், அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

கட்டடம் வளர்ந்தது, நிலம் சுருங்கியது. 1905 சட்டத்துக்குப் பிறகு அறநிலையங்களை நடத்த அரசு வாரியம் வந்தது. பள்ளியைச் சுற்றி ஜனங்கள் குடியிருந்த வீடுகளை இடித்தார்கள். அதைச் சொல்லும்போது எனக்கு நம் லயம்தான் கண்ணில் நின்றது.

பெயரை மாற்றும் விஷயத்தில் நான் உன் கட்சி இல்லை. பலகையிலிருந்து எடுத்துவிட்டால் அந்தச் சொல்லுக்கு வசவு மட்டும்தான் மிஞ்சும். பேரனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும், இன்னொரு கோழித்துண்டு கேட்டான்.

கப்பித்தானின் கல்லறை கம்போங் கோலத்தில், நடக்கிற தூரம்தான். மழை பிடித்துக்கொண்டதால் போகவில்லை. உன் கால் சரியானதும் எழுது, சேர்ந்து போவோம்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்