'அப்' தள்ளி நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிருஷ்ணகிரி பழைய பேட்டையில் 20 வருடமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாம்பழ சீசனில் மண்டிக்காரர்கள் கூழ் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆங்கிலக் கடிதங்களை அடித்துக் கொடுப்பேன்.

போன ஜூனில் ஒருவர் எழுதிக் கொண்டுவந்த தாளில், லாரி பெங்களூரா மாம்பழ லோடை 'பிக்கப்டு' என்று இருந்தது. 'பிக்டு அப்' என்று திருத்தினேன். "ஊரே பிக்கப்னுதானே சொல்லுது?" என்று கோபித்துக்கொண்டார். ஊர் சொல்வது வண்டியை! அது பெயர்ச்சொல், சேர்த்து எழுதலாம். ஏற்றிக்கொள்வது வினை. அங்கே இரண்டு சொல். இறந்தகாலம் முதல் சொல்லில்தான் ஒட்டும். லாகின், பேக்கப் கதையும் இதேதான். நம் தமிழிலோ 'கைவிட்டான்' என்று சேர்த்து எழுதினால்தான் அந்த வினைக்கே பொருள் வரும்.

அப்புறம், 'அது' என்கிற 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'பிக் இட் அப்'. 'பிக் அப் இட்' தப்பு. 'தி லோடு' என்றால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். (இதை எனக்குப் புரியவைத்தது பள்ளிக்கூடம் இல்லை, பழைய பேப்பர் கடையில் வாங்கிய அகராதி.)

ஓசூர் கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் சமாளிப்பதை 'கோப் அப் வித்' என்று எழுதிவருகிறார்கள். 'கோப் வித்' போதும், 'அப்' அங்கே வேண்டாத விருந்தாளி.

உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் இப்படி ஒரு வினையைப் போட்டால், வெட்டி என் கடைச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரர்,
பழைய பேட்டை, கிருஷ்ணகிரி.