விடுதலையானோர் மறுவாழ்வுப் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டை மத்திய சிறையிலிருந்து விடுதலையாகி வருவோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் துணைநிற்கும் நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இவ்வாண்டு நம்மை மிகுதியாக அலையவைத்தது ஆவணப் பணிதான். நெடுநாள் தண்டனை முடித்து வருபவரின் கையில் விடுதலைச் சான்றைத் தவிர வேறு தாள் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் உள்ளே இருந்த காலத்தில் கைபேசி எண் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போயிருக்கும். ஆதாரோடு இணைந்திருப்பது அந்தப் பழைய எண் என்பதால், எந்த விண்ணப்பத்துக்கும் ஓ.டி.பி. அவருக்கு வந்து சேராது. இரண்டாண்டுகளுக்கு மேல் கொடுக்கல் வாங்கல் இல்லாத வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஓராண்டு கடந்திருந்தால் மறுபடியும் வண்டி ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும்.

இவற்றோடு நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முன் சிறை சென்ற சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கத்துக்காரர்கள் திரும்பி வரும்போது அவர்களுடைய ஊர் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. தாள்களில் திருநெல்வேலி என்றே இருக்கிறது. இந்தக் காரணத்துக்காகவே ஒருவரை ஓர் அலுவலகத்தில் நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாம் முறை நம் துணைச் செயலாளர் உடன்சென்று விளக்கிய பிறகே வேலை நடந்தது. ‘இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள்?’ என்ற கேள்விக்கு, பின்னால் வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு அஞ்சியே பலர் மறுமுறை போவதில்லை. ஆகவே எவரையும் தனியே அலுவலகத்துக்கு அனுப்புவதில்லை என்று செயற்குழு முடிவு செய்து அதன்படியே நடந்து வருகிறது.

ஒரு தாளின் மதிப்பு என்ன என்பதை நம் சீமையில் வ.உ.சி. அவர்களின் வாழ்க்கையைக் கொண்டே சொல்லலாம். தேசத்துக்காகச் சிறை சென்றவரைப் பிறரோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். 1912இல் அவர் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தபோது எதிர்கொள்ள வந்தவர்கள் ஒரு சிலரே. வழக்கறிஞர் சன்னது (தொழில் செய்யும் உரிமம்) பறிபோயிருந்ததால் கற்ற தொழிலைச் செய்ய இயலாமல் சென்னையில் வறுமையில் உழன்றார். பின்னாளில் அந்தச் சன்னது திரும்பக் கிடைக்க உதவிய நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஓட்டுநர் உரிமத்தை மீண்டும் கையில் வாங்கிய ஓர் உறுப்பினர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு இச்செய்தியே நினைவுக்கு வந்தது.

வேலைவாய்ப்பில் நம் பக்கம் ஒரு பிழை நேர்ந்ததை ஒப்புக்கொள்கிறேன். சிறைக்குள் தையல் கற்றுவந்த ஒருவருக்கு இயந்திரம் வாங்கித் தந்து, கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம். அவர் ஊரில் துணி கொடுக்க யாரும் வரவில்லை. அவரிடம் தொழில் இருந்தது. ‘இவரை நான் அறிவேன், நம்பிக் கொடுங்கள்’ என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இப்போது அவர் மேலப்பாளையத்தில் நம் உறுப்பினர் ஒருவரின் கடையில் தைக்கிறார். நயினார்குளம் சந்தையிலும் ஒரு வியாபாரி, நம் தலைவரின் சொல்லை நம்பி, மூட்டைக் கணக்கு எழுத ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். பண உதவியைவிட இவ்வகைப் பொறுப்பேற்பே பலன் தருகிறது என்பது என் உறுதியான கருத்து.

கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்கள் ஊர் திரும்புவது தனிக் கவனம் வேண்டுவது. ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு வந்துவிட வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இயல்பானது. அதே கொடையில்தான் உயிரிழந்தவரின் குடும்பமும் நிற்கும். அவர்களுடைய துயரத்தை மதியாமல் செய்யும் மறுவாழ்வு நிலைக்காது. எனவே இரு தரப்புப் பெரியவர்களிடமும் நன்னடத்தை அலுவலரிடமும் பேசி முடிக்கும்வரை வெளியூரில் தங்க ஏற்பாடு செய்கிறோம். இக்காலமெல்லாம் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த மனைவிமார்களின் விருப்பத்தையும் முதலில் கேட்டறிகிறோம். கணவர் திரும்பி வருவதை எல்லோரும் ஒன்றுபோல எதிர்பார்ப்பதில்லை.

சிறையில் இருக்கும்போது மட்டுமே வாக்களிக்க இயலாது, வெளிவந்தபின் அவ்வுரிமை உண்டு என்பதையும், 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம் என்பதையும் சந்திப்புகளில் தொடர்ந்து எடுத்துரைத்தோம்.

நிறைவாக ஒரு தீர்மானம். விடுதலைக்குப் பிந்திய வாழ்வைத் தண்டனையின் தொடக்கம் முதலே கருத வேண்டும் என்றும், வெளிவருவோர் கையில் தக்க அடையாள ஆவணங்கள் இருக்க வேண்டும் என்றும் சிறைவாசிகளை நடத்தும் முறை குறித்து ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் கூறுகின்றன. அதன்படி, விடுதலைக்கு மூன்று மாதம் முன்னதாகவே சிறைவாசிகளை நம் தொண்டர்கள் சந்தித்து ஆவணப் பணியைத் தொடங்க அனுமதி கோரிச் சிறை நிர்வாகத்துக்கு விண்ணப்பிப்பது என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்