சிற்றலை போன பின்னும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நாகர்கோவிலிலேயே வேலை அமைந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது மறுபடி படிக்க முடிகிறது.

எக்குவடோரின் கிறிஸ்தவ மிஷனரி வானொலியான எச்.சி.ஜே.பி.யைப் பற்றிக் கேட்டிருந்தாய். தூர தேசங்களுக்கு எட்டிய சிற்றலை (ஷார்ட்வேவ்) ஒலிபரப்போடு அதன் கதை முடிந்தது என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1931 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்க மிஷனரி கிளாரன்ஸ் ஜோன்ஸ் தலைநகர் கித்தோவில் முதல் ஒலிபரப்பை நடத்தியபோது டிரான்ஸ்மிட்டர் இருந்தது ஓர் ஆட்டுக்கொட்டகையில். சக்தி 250 வாட்டைத் தாண்டாது. ஊரில் ரேடியோப் பெட்டிகளை எண்ணிவிடலாம். மலையும் நிலநடுக்கோடும் வானொலிக்கு ஆகாது என்று விவரம் தெரிந்தவர்கள் தடுத்தும் அங்கேயே நின்றார்.

உனக்கு ஆன்டெனா என்றால் உயிராயிற்றே, இதைக் கேள். கித்தோ சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு. அதனால் சக்தியைக் கூட்டியதும் ஆன்டெனாவின் நுனிகளில் மின்பொறி கிளம்பி அலுமினியமே உருகியது. 1940களில் அங்கிருந்த பொறியாளர் கிளாரன்ஸ் மூர் கம்பியைச் சதுரமாக வளைத்து மூடி, நுனியே இல்லாத ஆன்டெனாவைச் செய்துவிட்டார். பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு நடத்தும் ஹாம்காரர்கள் இன்றும் மாடியில் ஏற்றும் கியூபிக்கல் குவாட் அதுதான்! ஜெபத்தோடு இப்படி மூளையையும் கசக்கியவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

அப்புறம் சொந்தமாக நீர்மின் நிலையம், கித்தோவுக்கு அருகே பீஃபோவில் பெரிய ஆன்டெனாக்கள், 1981இல் 500 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் என்று வளர்ந்தது. நம் காதுக்கு எட்டியது இந்தப் பக்கம்தான். ஆனால் ஸ்பானியமே அதிகார மொழியாக இருந்த நாட்டில், பண்ணைகளில் உழைத்த மலைமக்களின் கிச்சுவா மொழியில் அவர்கள் நிகழ்ச்சி நடத்தினார்கள். 1955இல் கித்தோவில் மருத்துவமனை திறந்தார்கள். ரேடியோவில் தன் பாஷையைக் கேட்ட ஒரு மலைக்கிராமத்துக்காரர் எப்படிப் பூரித்திருப்பார், யோசித்துப் பார். என்னைக் கேட்டால் உண்மையான வளர்ச்சி அதுதான்.

புதிய விமான நிலையத்துக்கு உயரமான கோபுரங்கள் இடைஞ்சல் என்பதால் 2009இல் பீஃபோ நிலையத்தை மூடினார்கள். அங்கிருந்து உலகம் முழுக்கப் போன அந்தக் குரல் நின்றது. எக்குவடோருக்குள் ஒலிபரப்பு நிற்கவில்லை. மற்ற நாடுகளில் உள்ளூர்க்காரர்களே சின்ன எஃப்.எம். நிலையம் நடத்தவும் அவர்கள் கைகொடுத்திருக்கிறார்கள். சபையின் பணம் ஒரு பெரிய கோபுரத்துக்குப் போவதைவிட இப்படிப் பத்து ஊருக்குப் போவதே நல்லது என்பேன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். பதில் எழுது.

ஒலிபரப்பைக் கேட்டதற்குச் சான்றாக அவர்கள் உனக்கு அனுப்பிய கியூஎஸ்எல் அட்டை இன்னும் இருந்தால், படம் எடுத்து அனுப்பேன்.

அன்புடன்,
உன் ரேடியோ தோழன்