பசை வேண்டாத பொம்மை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கன்டம் (Gundam) ரோபோ, அதுதான் ஜப்பான் கார்ட்டூனில் வருகிற எந்திரத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட், வந்து மூன்று வாரமாகிறது. அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டாயாம். முதலில் எனக்குக் கோபம். "எனக்கு என்ன எட்டு வயசா?" என்று பெட்டியை டிவி ஸ்டாண்டு மேல் போட்டுவிட்டேன். அப்புறம் நடந்ததைப் போனில் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

விமான மாடல் செய்கிற என் மேசைப் பக்கமே நான் போகாமல் இருந்தது உனக்குத் தெரியாது. 2025 செப்டம்பரில் நம் விமானப்படையின் மிக்-21 போர் விமானங்களுக்குச் சண்டிகரில் விடை கொடுத்தார்களே. 1963-இல் படையில் சேர்ந்தது, 62 வருஷம். டிவியில் பார்த்த ஜோரில், கட்டிலுக்கு அடியில் கிடந்த 1/72 மிக் கிட்டை (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு) எடுத்து உட்கார்ந்தேன். உடம்பின் இரண்டு பாதியும் முதுகில் சேரவில்லை. இடைவெளியை அடைக்கப் புட்டி வைத்தேன், தேய்த்தேன், பிரைமர் அடித்தேன். காய்ந்ததும் அதே கோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. நாலு தடவை இதே கதை. தேய்த்த தேய்ப்பில் விமானத் தகடுகளைக் காட்டும் பேனல் கோடுகள் அழிந்துபோக, அவற்றை ஊசியால் திரும்பக் கீற வேண்டியதாயிற்று. நடுவில் இன்னொரு குடைச்சல்: இது மிக்-21-இல் எஃப்எல் ரகமா, பிஸ் ரகமா, அதற்கு முதுகு எவ்வளவு தடிமன்? 1/72-இல் ஆறடி ஆள் ஒரு அங்குலம்தான். அந்த ஒரு அங்குல விமானியின் சீட் பெல்ட் என்ன நிறம் என்று இரண்டு ராத்திரி தேடினேன், பாப்பா.

கடைசியில் காக்பிட் கண்ணாடி. அதற்கு வெள்ளைப் பசைதான் போட வேண்டும். தெரியும். அலுப்பில் இன்ஸ்டன்ட் பசையை வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் அதன் ஆவி உள்ளே படிந்து, தாத்தாவுக்குக் கண்புரை விழுந்திருந்ததே, அது மாதிரி வெள்ளையாக இருந்தது. பெல்ட்டாவது ஒன்றாவது, எதுவும் தெரியவில்லை. மூடி வைத்தவன்தான். புதுக் கிட் வாங்கக்கூட மனசு வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம், வீட்டில் தின்னர் நாற்றம் இல்லையாம்.

ஒரு ஞாயிறு மத்தியானம் கரண்ட் இல்லை. டிவி ஓடாது. சும்மா இருக்க முடியாமல் உன் பெட்டியைத் திறந்தேன். பசை வேண்டாம், பெயிண்ட் வேண்டாம், துண்டுகளை வெட்டி எடுக்கும் நிப்பர்கூட வேண்டாம், கையாலேயே திருகி எடு என்று படம் போட்டிருந்தான். முப்பது வருஷமாகக் கத்தி பிடிப்பவனுக்கு அது கொஞ்சம் அவமானம்தான். ஆனால் ஒவ்வொரு துண்டும் அதனதன் நிறத்திலேயே வார்த்து வந்திருக்கிறது. இரண்டு விரலால் அழுத்தினால் 'டக்'. மறுபடி 'டக்'. எங்கேயும் இடைவெளி இல்லை. பாதியில் வலது கையை இடது பக்கம் மாட்டிவிட்டேன். பழக்கத்தில் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. இழுத்தேன், வந்துவிட்டது. மாற்றி மாட்டினேன், அவ்வளவுதான்.

சரி, இதில் எது சரி எது தப்பு என்று பார்க்கப் போட்டோ தேடலாம் என்று போனை எடுத்து, அப்படியே கீழே வைத்தேன். நிஜத்தில் இப்படி ஒரு எந்திரமே கிடையாதே! கதையில் அது 18 மீட்டர் உயரம். இந்தக் கிட் 1/144 அளவு, 144-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஸ்கேல் வைத்து அளந்தும் பார்த்தேன், புத்தி எங்கே போகும்?

அன்று சாயங்காலம் உன் பழைய ஜியோமெட்ரி டப்பாவைக் குடைந்து அந்த 0.5 பென்சிலை எடுத்தேன். கோடுகள் எடுப்பாகத் தெரிய எனாமல் பெயிண்டைத் தின்னரில் நீர்க்க ஓடவிடுவதுதான் என் வழக்கம். ஆனால் இறுக்கிக் கோத்த பிளாஸ்டிக்கில் தின்னர் ஊறினால் விரிசல் விடும். பென்சில் முனையைக் காலின் பள்ளத்தில் வைத்து ஒரே இழுப்பு, மீறி வந்த கரியைக் கட்டைவிரலால் துடைப்பு. வெள்ளைத் தொடையில் மெல்லிய சாம்பல் கோடு மட்டும் நின்றது. கரண்ட் எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை போனில் சொன்னார், 1980-இல் 300 யென்னுக்கு வந்த இதன் முதல் கிட்டுக்குப் பசையும் பெயிண்டும் வேண்டியிருந்ததாம். எனக்குக் கொஞ்சம் ஆறுதல். என் புட்டி டியூப் தயாரிக்கும் டாமியா கம்பெனிக்கும் ஊர் ஜப்பானில் ஷிசுவோகா, இந்த ரோபோ ஃபாக்டரிக்கும் ஷிசுவோகா. இது தெரியாமல்தான் பொம்மை என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

மிக் பெட்டியைப் போன வாரம் வெளியே எடுத்தேன். கண்ணாடியை மெதுவாகப் பெயர்த்து உள்பக்கம் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்ததில் முக்கால்வாசி தெளிந்துவிட்டது. மீதியை மூடுபனி என்று வைத்துக்கொள்கிறேன். முதுகுக் கோட்டை அப்படியே விட்டுவிட்டு நேற்று பெயிண்ட் அடித்தாயிற்று. அம்மா திரும்பவும் ஜன்னல்களைத் திறந்து வைக்கிறாள்.

ரோபோ இப்போது ஃபிரிட்ஜ் மேல் நிற்கிறது. நவராத்திரிக்கு அம்மா அதைக் கொலுவில் செட்டியாருக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறாளாம். அடுத்த தடவை வரும்போது அதே கதையில் ஜாக்கு என்று ஒரு பச்சை ரோபோ, வில்லன் கட்சி, அதை வாங்கி வா. நிப்பரால் வெட்டுகிற ரகமாகப் பார். இரண்டாக வாங்கு. தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள் அம்மா, ஆனால் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
அப்பா