ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள்

கொழும்பு 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய அட்டவணையைக் கீழ்க் கடையில் அச்செடுத்து வந்து இரண்டு தரம் பார்த்தேன். நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு, ஐந்து மணித்தியால நித்திரை, கைக்கடிகாரம் சொன்ன ஆழ்ந்த நித்திரைக் கணக்கு, நிறை. வடிவாகத்தான் கோடு போட்டிருக்கிறாய். பயற்றை அலுமாரி இருட்டில் முளைக்கவிட்டுக் கொப்பியில் உயரம் குறித்த பிள்ளை அல்லவா. இன்றும் ஆட்களுக்கு அதைச் சொல்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா எழுதச் சொன்னது அது ஒன்றுதான்.

பட்டினி கிடந்தால் கலங்கள் தம் பழுதைத் தாமே தின்று துப்புரவாகும், அதற்கு நோபல் பரிசே கிடைத்தது என்கிறாய். 2016இல் யப்பான் விஞ்ஞானி ஓசுமிக்குக் கொடுத்தார்கள், மெய்தான். அவர் அதை ஆராய்ந்தது மதுவத்தில், பாணைப் பொங்கவைக்கும் அதே மதுவத்தில். மதுவம் காலையில் எழும்பி வேலைக்குப் போவதில்லை. கடிகாரமும் அப்படித்தான். ஆய்வுகூடத்தில் தலையில் மின்வாய் ஒட்டி மூளை அலையைப் பார்ப்பார்கள். உன் மணிக்கட்டில் இருப்பது அசைவையும் நாடித்துடிப்பையும் கொண்டு ஊகிக்கிறது. நீ அசையாமல் விழித்துக் கிடந்தால் அதற்கு என்ன தெரியும்? இங்கே பகல் பன்னிரண்டரைக்கு வாட்ஸ்அப்பில் நீ நிற்பதைப் பார்க்கிறேன். டொரொன்டோவில் அப்போது விடியப்புறம் 3 மணி.

பம்பலப்பிட்டி மாமி உங்கள் இருவரையும் சுகம் விசாரித்தார். சுகம் என்றேன். போன தரம் வீடியோவில் உன் பின்னால் ஒரு கோப்பையும் ஒரு கரண்டியும்தான் கழுவிக் கவிழ்த்திருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடு.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன வருடம் மூன்று மாதம் நீரிழிவுக்குப் போடும் மெட்ஃபோர்மின் குளிசையை நிறுத்தியிருந்தேன். கொத்தலஹிம்புட்டு மரக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்து விடியக் குடித்தால் சீனி இறங்கும் என்று கூட நடக்கிறவர் சொன்னார். விடியத் தண்ணீர் நிறம் மாறியிருக்கும். அந்த நிறத்தையே மருந்தென்று நம்பினேன். அதே கிழமை தேத்தண்ணீருக்குச் சீனியை விட்டேன், மரைன் டிரைவில் நடையைக் கூட்டினேன், இரவுக்குக் குரக்கன் பிட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கத்தியவன் நான். அதுகூடப் பரவாயில்லை. விரலைக் குத்திப் பார்த்து, குறைந்த இலக்கம் வந்த நாளை மட்டும் கொப்பியில் எழுதினேன். கூடின நாளை, நேற்றுக் கலியாணவீட்டுச் சாப்பாடு, இது கணக்கில் சேராது என்று விட்டுவிட்டேன். கிளினிக்கில் எச்பிஏ1சி எடுத்தார்கள், இரத்தச் செங்குழியத்தில் ஒட்டிய சீனியை அளக்கும் சோதனை: 9.8 வீதம், கூடிப்போன இலக்கம். செங்குழியத்துக்கு ஏறத்தாழ 120 நாள் ஆயுள். நான் எழுதாமல் விட்ட நாளெல்லாம் அதில் இருந்தது. அம்மா ஒரு சொல் பேசவில்லை. அந்தக் குவளையைக் கழுவிக் காயவைத்து, என் பேனைகளை அதற்குள் போட்டு மேசையில் வைத்தார். இதையும் அதிலிருந்து எடுத்த பேனையால்தான் எழுதுகிறேன்.

அதனால்தான் உன் அட்டவணையில் கண் அங்கே போனது. ஒன்பது கிழமை எழுதியிருக்கிறாய். ஒன்பது ஞாயிறும் வெறுமையாக இருக்கின்றன. சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை, நிறையும் இல்லை.

அந்தக் கட்டங்களை நிரப்பி அனுப்பு. எழுத மனமில்லையென்றால் ஞாயிறு எந்த நேரமானாலும் போன் எடு. அம்மாவுக்குக் கேட்காமல் பல்கனியில் நின்று கதைக்கிறேன்.

அப்பா

குளிசையை இப்போது ஒழுங்காகப் போடுகிறேன்.