செயலாளர் ஆண்டறிக்கை: வாசிப்பு வட்டமும் நமது பதிப்பகமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இணையத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்துக் கருத்துச் சொல்லும் வட்டமாகத்தான் நாம் கூடினோம். இன்று புத்தகமும் போடுகிறோம். இவ்வாண்டு ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஒரு கவிதை நூல், ஒரு மொழிபெயர்ப்பு நாவல் ஆகிய மூன்றும் வெளிவந்தன. மாதாந்திர வாசிப்புக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே நூல்கள் உருவான விதத்தைப் பற்றியே அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

சிறுகதைத் தொகுப்பின் கதைகள் பல ஆண்டுகளில், பலவித விசைப்பலகைகளில் தட்டச்சானவை. 'கௌரி' என்ற பெயர் திரையில் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. ஆனால் பாதி இடங்களில் முறையான ஔகாரக் குறி, மீதி இடங்களில் ஒற்றைக் கொம்பும் ளகரமும். தேடினால் பாதிதான் அகப்படும். கால் வர வேண்டிய இடங்களில் ரகரம் உட்கார்ந்திருந்தது. மெய்ப்புப் பார்த்த உறுப்பினர்கள் இப்படிப்பட்டவற்றை ஒரு பட்டியலாக்கி, பக்கம் கட்டுவதற்கு முன்பே வரிவரியாகத் திருத்தினார்கள். ஊதியம் வாங்காமல் இவ்வளவு கண்கள் ஒரு கைப்பிரதியின் மேல் படிவதுதான் நம்மைப் போன்ற பதிப்பகத்தின் மூலதனம். விற்பனையைவிட இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ஆனால் பிழை திருத்துவது வேறு, எடிட்டிங் வேறு. எழுதியவர் நண்பராக இருக்கும்போது "இந்தக் கதை தொகுப்பில் வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது. அதனால் கதைகள் எழுதப்பட்டபோதே படித்துப் பழகியிராத இரண்டு உறுப்பினர்களிடம் இறுதித் தேர்வை விட்டோம். அவர்கள் இரண்டு கதைகளை நீக்கினார்கள். ஆசிரியருக்கு வருத்தம்தான். இருந்தாலும் அந்த முடிவு சரி என்றே செயற்குழு கருதுகிறது. இனி வரும் நூல்களுக்கும் இதே முறை தொடரும்.

கவிதை நூலில் வேறு சிக்கல். 16 பக்கம் ஒரு பாரம் என்பது அச்சகக் கணக்கு. ஆறு பாரத்துக்கு 96 பக்கம். நமக்கோ 99 வந்தது. சிறு கவிதைகளை ஒரே பக்கத்தில் இரண்டாகப் போட்டால் அடங்கிவிடும் என்றார்கள். ஒவ்வொரு கவிதையும் தனிப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதில் கவிஞர் உறுதியாக இருந்தார், நாமும் அவர் பக்கமே நின்றோம். அரைப் பாரம் சேர்த்து 104 ஆக்கி, மீந்த பக்கங்களில் முதற்குறிப்பு அகராதி, அதாவது கவிதைகளின் முதலடிகளை அகரவரிசையில் தரும் பட்டியல், கொடுத்தோம். பழைய செய்யுள் பதிப்புகளில் இருந்த நல்ல வழக்கம் அது.

பக்கங்களைப் பிளேட் என்னும் அச்சுத் தகடுகளாக்கி அச்சிடும் ஆஃப்செட் முறையில் எத்தனை பிரதி போட்டாலும் பிளேட் செலவு ஒன்றுதான். பிரதி குறைந்தால் ஒரு பிரதிக்கு விழும் செலவு ஏறும். ஆகவே முன்பதிவு நன்றாக வந்த சிறுகதை நூலுக்கு ஆஃப்செட், நாவலுக்குத் தேவைக்கேற்ப அச்சிடும் முறை. முன்பதிவு ஒன்றும் இணையம் கொண்டுவந்த புதுமை இல்லை. 1917இல் ஆங்கில எழுத்தாளர் தம்பதியான லெனார்ட் வுல்ஃபும் வர்ஜீனியா வுல்ஃபும் சாப்பாட்டு அறையில் கை அச்சு இயந்திரத்தை வைத்து ஹோகார்த் பிரஸ்ஸைத் தொடங்கியபோது, நண்பர்களுக்குக் கடிதம் எழுதித்தான் வாசகர்களைச் சேர்த்தார்கள். பின்னால் முன்பணம் கட்டி எல்லா நூல்களையும் பெறுவோர், அறிவிப்பு மட்டும் பெறுவோர் என்று இரு வகைச் சந்தாதாரர்கள் இருந்தார்கள். அந்த முதல் வகைச் சந்தாவை நாமும் தொடங்கலாம் என்பது என் பரிந்துரை.

அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி ஐஎஸ்பிஎன் (நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்) வாங்கியாயிற்று.

அப்புறம், ஒப்பந்தம். நமக்குள் எதற்கு எழுத்தில் என்று சிலர் கேட்டீர்கள். ரசிகர் புனைவு, அதாவது பிறர் படைப்பின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகள், எழுதிய இணைய வட்டத்திலிருந்து ஆஸ்திரேலியாவில் தோன்றிய தி ரைட்டர்ஸ் காஃபி ஷாப் என்னும் சிறு பதிப்பகம், 2011இல் ஒரு நாவலை மின்னூலாகவும் தேவைக்கேற்ற அச்சாகவும் வெளியிட்டது. அடுத்த ஆண்டே பெரிய நிறுவனம் உரிமையை வாங்க, நூல் உலகெங்கும் விற்றது. வருவாயில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற தகராறு டெக்சாஸ் நீதிமன்றம் வரை போனது. பணம் வராதவரை எல்லாம் சுமுகமாகவே இருக்கும். வந்த பிறகு பேச உட்கார்ந்தால் நட்பும் போகும். அதனால் இவ்வாண்டு மூன்று ஆசிரியர்களோடும் மொழிபெயர்ப்பாளரோடும் ராயல்டி, மறுபதிப்பு, மொழிபெயர்ப்பு உரிமை, உரிமை ஆசிரியருக்கே திரும்பும் காலம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம்.

ஒரு கவலையையும் பதிவு செய்கிறேன். விற்ற பிரதிகளில் பெரும்பாலானவை நம் வட்டத்துக்குள்ளேயே விற்றவை. நம்மைத் தெரியாத ஒருவர் கையில் நூல் போய்ச் சேர, நூலகங்களுக்கும் மதிப்புரையாளர்களுக்கும் பிரதி அனுப்பும் வேலையை ஒருவர் பொறுப்பேற்று ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டும். அதற்கெனத் தனிப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தீர்மானமும் சந்தாத் திட்டமும் இன்று உங்கள் முன் வைக்கப்படுகின்றன. மெய்ப்புப் பார்த்தவர்களுக்கும் அட்டை வரைந்தவர்களுக்கும் பொதி கட்டி அனுப்பியவர்களுக்கும் செயற்குழுவின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்