மடியில வச்சுக்குவா

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ புலம்பியதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், பாப்பா வேறு பக்கத்தில் இருந்தாள். மருமகளும் பேத்தியும் கேட்க மகனைத் திட்டுவது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் கடிதம். படித்துவிட்டு மீனாவிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

உன் புகார் இரண்டு. சமையலுக்கு ஆள் வைக்க வேண்டும் என்று மீனா சொல்கிறாள், மாதம் ஆறாயிரம் ஆகும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பாப்பாவுக்கு முழு டிக்கெட் எடுக்கச் சொல்கிறாள், அரை டிக்கெட்டே போதும் என்பது உன் கட்சி. "ரெண்டுமே தண்டச் செலவும்மா" என்றாய்.

முதலில் டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன், அது என் தொழில். நீ ரயில்வே இலவச பாஸில் வளர்ந்த பிள்ளை. ரயில்வேக்காரி மகன் என்பதால் ரயிலுக்குக் காசு கொடுப்பதே உனக்குக் கசக்கிறது. நான் சர்வீஸில் இருந்த காலம் முழுக்க, லீவு விட்டால் பாஸ் எழுதி வாங்கி வண்டி ஏறுவோம். உனக்கு டிக்கெட் விலை என்ன என்றே காலேஜ் போகும்வரை தெரியாது. இப்போது உனக்கு ஐ.டி. கம்பெனி சம்பளம் தருகிறது, பாஸ் தரவில்லை. அது உன் மண்டையில் இன்னும் ஏறவில்லை என்று நினைக்கிறேன்.

அரை டிக்கெட் சங்கதி உனக்குச் சரியாகத் தெரியுமா? 2016 ஏப்ரல் வரைக்கும் ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு அரைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முழு பெர்த்தே கொடுத்தோம். அதற்கப்புறம் விதி மாறிவிட்டது. பெர்த் வேண்டும் என்றால் முழுக் கட்டணம். அரைக் கட்டணம் கட்டினால் பிள்ளை வண்டியில் வரலாம், பெர்த் கிடையாது. ஐந்துக்குக் கீழே உள்ள சின்னவனுக்கு டிக்கெட்டே வேண்டாம், பெர்த்தும் வராது. நீ சொல்கிற கணக்குப்படி நாலு பேருக்கு ரெண்டு பெர்த்.

விதி மாறின புதிதில் நான் கவுண்டரில் இருந்தேன். படிவத்தை நீட்டுகிறவர்களிடம் "பிள்ளைக்கு பெர்த் வேணுமா?" என்று ஒவ்வொருத்தரையும் கேட்க வேண்டியிருந்தது. அரைக்கும் முழுசுக்கும் வித்தியாசத்தைச் சொன்னதும் பாதிப் பேர் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "வேண்டாம் மேடம், மடியில வச்சுக்குவா." வச்சுக்குவேன் இல்லை, வச்சுக்குவா. சொல்கிற ஆள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். வச்சுக்கொள்ளப் போகிறவள் பின்னால் பெஞ்சில் பிள்ளைக்குத் தண்ணி கொடுத்துக்கொண்டு இருப்பாள். அவளை ஒரு வார்த்தை கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஏய்யா சரவணா, நீயும் போனில் அதே குரலில்தான் பேசினாய்.

ஒரு பெர்த் ரெண்டடி அகலம். அதில் ஏழு வயதுப் பிள்ளையோடு படுத்துப் பார். பிள்ளை உள்ளே, நீ ஓரத்தில், ஒரு கால் கீழே தொங்கும். விழுப்புரம் தாண்டுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். திருச்சியில் டீக்காரன் சத்தத்துக்குப் பிள்ளை முழிக்கும். அப்புறம் மதுரை வரை உட்கார்ந்தபடியே போக வேண்டியதுதான். மறுநாள் காலையில் திருநெல்வேலியில் இறங்கும்போது மீனா முகம் எப்படி இருக்கும்? அந்த முகத்தைப் பார்த்து நம் சொந்தக்காரர்கள் "என்ன, மருமக மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா" என்பார்கள். அதையும் அவள்தான் கேட்க வேண்டும். மூணாம் வகுப்பு ஏசியில் நீ மிச்சம் பிடிப்பது ஐந்நூறு ரூபாய் பக்கம். அதற்கு ஒரு ராத்திரித் தூக்கத்தையும் மறுநாள் பகலையும் மீனா கொடுக்கிறாள்.

நான் வீட்டில் எந்தச் செலவுக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். இந்தக் காசை மிச்சம் பிடித்தால் அந்த வேலை யார் தலையில் விழும்? என் தலையில் விழும் என்றால் நான் தாராளமாக மிச்சம் பிடிப்பேன், வெயிலில் பாளை மார்க்கெட்டுக்கு நடந்தே போவேன். இன்னொருத்தர் தலையில் விழும் என்றால் அது சிக்கனம் இல்லை. கடன். நீ வாங்கி, அவர்கள் கட்டுகிற கடன்.

நீ ஏசி பஸ் விட்டு சாதா பஸ்ஸில் ஆபீஸ் போகிறாயா, போ. உன் உடம்பு, உன் காசு. அதில் நான் தலையிட மாட்டேன்.

சமையல் ஆள் விஷயமும் இதேதான். நீ பிறந்த சமயம் நம் வீட்டில் ஆட்டுரல்தான். மதியம் ரெண்டு மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டுக்கு எழுந்திருப்பேன், கணக்கு முடித்து வீடு வர ஒன்பது ஆகும். அதற்கு மேல் மாவாட்ட வேண்டும். சொசைட்டியில் லோன் போட்டு கிரைண்டர் வாங்கலாம் என்றதும் உன் ஆச்சி, "கிரைண்டர் மாவுல இட்லி கல்லு கணக்கா இருக்கும். ஆட்டுறதுக்குக் கூடவா காசு?" என்றாள். அப்பா வாயே திறக்கவில்லை. நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். மாவு ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் உனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். பதின்மூணாம் வாய்ப்பாட்டில் நீ எங்கே தடுக்குவாய் என்று இப்போதும் சொல்வேன். கடைசியில் அந்த இட்லியை ஆச்சிதான் ஆறு சாப்பிடுவாள், அது வேறு கதை.

மீனாவும் ஆபீஸுக்குப் போய்த்தான் வருகிறாள். ஏழு மணிக்கு வந்து அவள் சப்பாத்தி தேய்க்கும்போது நீ சோபாவில் உட்கார்ந்து "நானும் டயர்டுதான்" என்கிறாய் என்று பாப்பா என்னிடம் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் முன்னால் எதையும் மறைக்க முடியாது. ஒன்று ராத்திரிச் சமையலை நீ செய். முடியாதா, ஆறாயிரம் கொடு. மூன்றாவது வழி என்று நீ நினைப்பது மீனா தலையில் கட்டுகிற வழி. ஆளை வைத்த பிறகு "இன்னைக்கு உப்பு கம்மி, இதுக்கா சம்பளம்" என்று ஆரம்பிக்காதே. வருகிற அக்காவுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். அதில் பேரம் பேசினாய் என்று தெரிந்தால் எனக்குக் கோபம் வரும்.

அதற்காகக் காசை வாரி இறைத்தால் நிம்மதி வரும் என்று நான் சொல்லவில்லை. விலை கூடினதெல்லாம் சுகமும் இல்லை. போன தடவை வந்தே பாரத்தில் வரலாமா என்று கேட்டாய். 2023 செப்டம்பரில் அது வந்ததிலிருந்து நம் தெருவில் எல்லோருக்கும் அதில் ஒரு மோகம். எட்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும், நல்ல வண்டிதான். எனக்கும் அப்பாவுக்கும் சரி. ஆனால் மத்தியானம் எழும்பூரில் ஏறினால் இங்கே இறங்க ராத்திரி பத்தரை பக்கம் ஆகும். மூணு வயதுப் பயலை அத்தனை நேரம் நாற்காலியில் உட்கார்த்தி வைக்க உன்னால் முடியுமா? கூடக் காசு கொடுத்துத் தலைவலி வாங்குவது அது. உங்களுக்கு ராத்திரி வண்டிதான். ஏறினதும் பிள்ளைகள் தூங்கிவிடும். விமானம் தூத்துக்குடி பக்கம் வாகைக்குளத்துக்கு இருக்கிறது, லீவு ரெண்டே நாள் என்றால் அதில் வா, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நாலு நாள் லீவு இருக்கும்போது அது தேவையில்லை.

இனி நான் சொல்கிறபடி செய். முன்பதிவு இப்போது அறுபது நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, 2024 நவம்பரிலிருந்து. அதற்கு முன் நூற்றிருபது நாள். ஜனவரி 12 ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் என்றால் நவம்பர் 13 காலை எட்டு மணி. அன்றைக்கு மீட்டிங் கீட்டிங் என்று சொல்லாதே. பொங்கல் வண்டி நிமிஷக் கணக்கில் நிரம்பிவிடும். மூணு முழு டிக்கெட் போடு. ஒரு லோயர் பெர்த்தாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணு. மீனாவும் சின்னவனும் கீழே, பாப்பா நடுவில், நீ மேலே. தட்கலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே. அது முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஏசிக்கும் பதினொன்றுக்கு ஸ்லீப்பருக்கும் திறக்கும். கூடுதல் கட்டணம் ஒரு பக்கம், கிடைக்குமா கிடைக்காதா என்று வீடே ராத்திரியெல்லாம் முழித்திருப்பது இன்னொரு பக்கம். கிடைத்த டிக்கெட்டை ரத்து செய்தால் பைசா திரும்பாது. அதுவும் இல்லாமல் போனால் ஆம்னி பஸ்ஸில் போய் நிற்பாய். பண்டிகை நேரத்தில் அவர்கள் கேட்கிற விலையைக் கேட்டால் இந்த ஐந்நூறு உனக்குச் சில்லறையாகத் தெரியும்.

வேளச்சேரியிலிருந்து எழும்பூருக்கு எதற்கு அலைகிறீர்கள்? தாம்பரத்தில் ஏறுங்கள். ஆனால் அங்கே வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். முன்கூட்டியே போய் கோச் எங்கே வரும் என்று பார்த்து நில். பெட்டி ரெண்டுக்கு மேல் இருந்தால் போர்ட்டரைக் கூப்பிடு. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் பிள்ளை என்று ஏறுவது வீரம் இல்லை. அன்று சாயங்காலம் சமையல்கார அக்காவுக்குக் கூட ஏதாவது கொடுத்து இட்லி அவித்து, மிளகாய்ப் பொடி எண்ணெய் தடவி வைக்கச் சொல். மீனா ஆபீஸிலிருந்து வந்து அடுப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓட வேண்டாம்.

திரும்பிப் போவதையும் யோசி. காணும் பொங்கலை ஒட்டி இந்த ஜில்லாவே சென்னைக்குக் கிளம்பும். ஒரு நாள் லீவு கூடப் போட்டுக் கூட்டம் வடிந்த பிறகு போ. லீவும் காசு மாதிரிதான், வருஷக் கடைசியில் காலாவதியாக விட்டுவிட்டு வருத்தப்படுகிறவன் நீ.

ஜங்ஷனுக்கு அப்பா ஸ்கூட்டரில் வந்து நிற்பார் என்று எதிர்பார்க்காதே. பாப்பாவை முன்னால் நிறுத்தி ஒரு டிரிப், பெட்டிக்கு ஒரு டிரிப் என்று அவர் இப்போதே திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் வண்டி சொல்லிவிடுகிறேன். அதே வண்டியில் ஒரு நாள் திருச்செந்தூர் போய் வரலாம். டிரைவருக்குப் பேட்டாவும் சாப்பாடும் நம் பொறுப்பு. பஸ்ஸில் போனால் சின்னவன் வாந்தி எடுப்பான் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பாய். வீட்டுக் கடன் தவணை எனக்குத் தெரியும். நிறுத்த வேண்டியதை நிறுத்து. ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வருகிறாய், பாதி வீட்டில் சர்க்கரை நோயாளிகள். அப்பாவுக்கு நாலு சட்டை இருக்கிறது பிரிக்காமலே. எனக்குப் பட்டு வேண்டாம். எங்களுக்குச் செய்தே ஆக வேண்டும் என்றால் பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி. ஆளை நீ ஏற்பாடு பண்ணாதே, நான் பார்த்து வைத்திருக்கிறேன்.

பேங்கில் மாதம் மூவாயிரம் ஒரு ஆர்.டி. போடு, ஊருக்கு வந்து போவதற்கு மட்டும். அது முதிர்ந்ததும் அந்தப் பணத்தை எடுத்துச் செலவு செய்யும்போது நீயும் கணக்குக் கேட்கக் கூடாது, மீனாவும் கேட்கக் கூடாது. ஒவ்வொரு ஆட்டோவுக்கும் ஒவ்வொரு காபிக்கும் ரெண்டு பேரும் முறைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்வதை நான் பார்த்திருக்கிறேன். செலவை முன்னாலேயே முடிவு செய்துவிட்டால் வழியில் சண்டை போட விஷயம் இருக்காது. நீங்கள் வேறு விஷயம் கண்டுபிடிப்பீர்கள், அது தெரியும்.

டிக்கெட் எடுத்ததும் பி.என்.ஆர். அனுப்பு. அப்பா தினம் பார்ப்பார், கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டையும் பார்ப்பார், அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. பனங்கிழங்கு அவித்து வைக்கிறேன், பாப்பாவுக்கு நார் எடுத்துக் கொடுக்க வேண்டியது உன் வேலை.

சமையலுக்கு வரப்போகிற அக்கா பேர் என்ன என்று மீனாவைக் கேட்டு எழுது. சொதி வைக்கத் தெரியுமா என்றும் கேள். தெரியாது என்றால் தேங்காய்ப் பால் எப்போது எந்தப் பாலை ஊற்ற வேண்டும் என்பதோடு நான் விவரமாக எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா
பாளையங்கோட்டை